பன்னிரண்டாவது குச்சி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன தை மாதம் சென்னை விமான நிலையத்தில் நான் கடத்தல்காரனாகப் பிடிபட்டேன். தங்கம் என்றால் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும். மறுநாள் பேப்பரில் ஒரு மூலையிலாவது வந்திருப்பேன். என் பெட்டியில் இரண்டு கால்சட்டைகளுக்கு நடுவே பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தது மரவள்ளிக் குச்சி. மொத்தம் பதினொன்று.

வெட்கக்கேட்டில் இது பாதிதான். மீதிப் பாதி என் உத்தியோகம். பாங்காக்கில், அக்கம்பக்கத்து நாடுகள் ஆறு கூடி நடத்தும் ஒரு சின்ன அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் நான். வணிகம், சுகாதாரம், சமூக நலம் என்று மூன்று குழுக்கள் மூன்று அறைகளில் பேசும். யார் என்ன சொன்னார்கள் என்பதை யாருக்கும் கோபம் வராதபடி எழுதித் தர வேண்டும். 'உரிய அனுமதி இல்லாமல், நடவுக்கான எந்தப் பொருளையும் எல்லை கடந்து எடுத்துச் செல்லக் கூடாது' என்று ஒரு வரி அவர்களுடைய தீர்மானத்தில் உண்டு. அந்த வரியில் காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று அரை நாள் வாதம் நடந்தது. கடைசியில் அதை வைத்தவன் நான்தான்.

பயிர்நோய் சோதிக்கும் அதிகாரி இருபத்தைந்து வயதுப் பெண். குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணி மேசையில் அடுக்கினார்.

"என்ன சார் இது? படிச்சவரா இருக்கீங்க."

"மரவள்ளிங்க. தங்கச்சி வீட்டுக்காரர் கேட்டாரு."

"அவர் கேப்பாரு சார். அவர் விவசாயி. உங்களுக்கு புத்தி எங்க போச்சு?"

என்ன வேலை என்று கேட்டதற்கு 'சாஃப்ட்வேர்' என்றேன். வெளிநாட்டிலிருந்து வரும் தமிழனிடம் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. குச்சிகளை எரிக்கச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "வேற எதுவும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன்.

பன்னிரண்டாவது குச்சி என் மடக்காத பெரிய குடைக்குள் இருந்தது. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான்.

2

பாங்காக்குக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை, நான் இன்னும் அதே முகவரியில்தான் இருக்கிறேன் என்று அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அதே கட்டடம், அதே ஐந்தாவது மாடி. தெரிவிக்கப் போகிற ஒவ்வொரு முறையும், ஒருவேளை வீடு மாறிவிட்டோமோ என்று எனக்கே சந்தேகம் வருகிற மாதிரி அந்த ஊழியர் என்னைப் பார்ப்பார்.

மகள் நிலா இங்கேதான் பிறந்தாள். பதினைந்து வயது. இந்த ஊர் மொழியின் ஐந்து ஏற்ற இறக்கங்களும் அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி வரும். எனக்கு அவற்றில் ஒன்றுதான் வரும். அதுவும் எது என்று தெரியாது. கறிகாய்க் கடையில் நான் வாயைத் திறந்தால் கடைக்கார அம்மாள் அன்பாகச் சிரித்துவிட்டு நிலாவைப் பார்ப்பாள். ஊரிலிருந்து என் தங்கை செல்வி போன் பண்ணினால் நான் என்னையறியாமல் கள்ளக்குறிச்சிப் பேச்சுக்குத் தாவிவிடுவேன். "இப்ப பேசினது யாருப்பா?" என்று நிலா கேட்பாள். வேடிக்கைக்குத்தான் கேட்கிறாள் என்று முதலில் நினைத்தேன்.

அலுவலகத்தில் மரவள்ளி பெரிய விஷயம். இந்தப் பக்கத்து நாடுகளில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. அதில் தேமல் நோய் விழுந்தது. இலை மஞ்சள் திட்டாகிச் சுருங்கும். கிழங்கு விரல் பருமனோடு நின்றுவிடும். வெள்ளை ஈ பரப்பும். அதைவிட அதிகமாக, நோய் கண்ட செடியின் குச்சியை வெட்டி நடுகிற மனிதன் பரப்புவான். நம்முடைய பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்த நோய் என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். என்னைப் போலவேதான், அது தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை யாரிடமும் தெரிவிப்பதில்லை என்பதைத் தவிர.

தேமல் யாருடைய பொறுப்பு என்று தீர்மானிக்க இரண்டு கூட்டங்கள் பிடித்தன. நோய் என்பதால் சுகாதார அறைக்குப் போகட்டும் என்றார்கள் வணிகத்தார். மனிதனுக்கு வந்தால் பார்ப்போம் என்றார்கள் சுகாதாரத்தார். பயிர் போன விவசாயி ஊரைவிட்டுக் கிளம்பினால் மட்டுமே தங்கள் கணக்கில் வருவான் என்றார்கள் சமூக நலத்தார். கேலி செய்கிறேனே தவிர, அந்த அறைகளில் நல்லதும் நடக்கும். ஆற்றைக் கடந்து வேலைக்கு வருகிற கூலிக்காரர், அந்தக் கரையில் ஆரம்பித்த காசநோய் மாத்திரையை இந்தக் கரை ஆஸ்பத்திரியில் தொடரலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அது வந்த அன்று அந்தக் குறிப்பில் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

இந்தக் குழுக்களோடு ஒருநாள் வயல் பார்க்கப் போனேன். ஆள் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று மரவள்ளி. அதன் பக்கத்தில், ஏதோ நானே உழுது நட்ட மாதிரி இடுப்பில் கைவைத்து ஒரு படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். எல்லாக் கேட்டுக்கும் வித்து அந்தப் படம்தான்.

செல்வியின் கணவன் தண்டபாணிக்கு வடக்கனந்தலில் இரண்டு ஏக்கர். இரண்டு வருஷமாக அவன் மரவள்ளியில் தேமல். படத்தைப் பார்த்த அரை மணியில் போன் வந்தது.

"மச்சான், அந்த ஊரு குச்சி இன்னா தெம்பா கீது! வரும்போது ஒரு பத்து குச்சி எத்தாந்துடு."

"அதெல்லாம் எத்தாரக் கூடாது மாப்ள. சட்டம் கீது."

"பத்து குச்சிதான கேட்டேன், பத்து மூட்டையா கேட்டேன்? அத்த வெச்சி நான் பெருக்கிக்குவேன். இல்லாங்காட்டி ஒண்ணு சொல்றேன் கேளு. இந்த வருசமும் தேமல் வுழுந்துதுன்னா நெலத்த தைலமரத்துக்கு வுட்டுட்டு உங்க ஊருக்கே வந்துடறேன். பாஸ்போட்டு எடுத்தாச்சி. உளுந்தூர்பேட்டைல ஒரு ஆளு பேசிக்கினு கீறான்."

செல்வி போனைப் பிடுங்கினாள். "அண்ணா, நீ இவருக்கு வேல கீல ஒண்ணும் பாக்காத. குச்சி எத்தாந்து குடு, போதும். வூட்டுக்கு ஒருத்தர் போனது போதும்."

'இடம்பெயர் தொழிலாளி' என்ற சொல்லை நான் பல நூறு தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். அதற்கு ஒரு முகம் இருந்தது அன்றுதான் தெரிந்தது. அது தண்டபாணியின் முகம்; பெரிய மீசை, கையில் உளுந்தூர்பேட்டை ஆள் தந்த விசிட்டிங் கார்டு. குச்சியை வேட்டியில் சுற்றினேன்.

3

வடக்கனந்தல் வீட்டில் பெட்டியைத் திறந்து காட்டியபோது தண்டபாணி குச்சி இல்லாத வேட்டியை ஒருமுறை உதறிப் பார்த்தான். நிலா கொடுத்தனுப்பிய சாக்லேட்டை ஓரமாக வைத்தான். டி.வி.க்கு மேலே நீல நிற பாஸ்போர்ட், எல்லோர் கண்ணிலும் படும்படி.

செல்விதான் யோசித்தாள். "வெள்ளையம்மாகிட்ட கேட்டா இன்னா?"

வெள்ளையம்மாள் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒன்பது வீடுகள் உள்ள சிற்றூர். சந்தை நாளில் கீழே வருகிறவர்கள் சாமை மூட்டையை இறக்கி வைக்க, வெயில் தாழ உட்கார, கீழே ஆளுக்கொரு வீடு வைத்திருப்பார்கள். வெள்ளையம்மாளுக்கு அது செல்வியின் வீடு. மலையில் மரவள்ளி நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்லியிருந்தாள். 'பக்கத்து மலைதானே' என்கிற அலட்சியத்தில் தண்டபாணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாங்காக் குச்சிக்கு இருந்த கவர்ச்சி வெள்ளிமலைக் குச்சிக்கு எப்படி வரும்?

மறுநாள் பஸ்ஸில் போனோம். குடையையும் எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது குச்சியைப் பற்றி தண்டபாணிக்குக்கூட நான் சொல்லவில்லை. கேட்கப் போகிற இடத்தில் வெறுங்கையோடு நிற்காமல், சரியான நேரத்தில் அதை உருவி எடுத்துக் கொடுத்து எல்லோரையும் அசத்த வேண்டும் என்று ஒரு திட்டம். கூட்டக் குறிப்பு எழுதுகிறவனுக்கு மேடை ஏற வாய்ப்பு குறைவு.

வெள்ளையம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். காடு என்று அவர்கள் சொல்கிற புன்செய் நிலத்தில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். செடிகளில் ஒரு மஞ்சள் புள்ளி இல்லை. காட்டின் ஓரத்தில் ஒரு கழி நட்டு, பழைய சிவப்புச் சேலைத் துண்டைக் கட்டியிருந்தார்கள். எங்களை அதற்கு வெளியிலேயே நிறுத்தினாள்.

"அங்கியே நில்லுங்க அண்ணே. கீழ காட்டுல போட்டுக்கினு இருந்த செருப்பா அது?"

தண்டபாணி செருப்பைக் கழற்றினான். நானும் கழற்றினேன்.

"பக்கத்து ஊர்ல ஒருத்தன் கீழேருந்து குச்சி எத்தாந்து நட்டான். அந்த வருசமே அவன் காடும் போச்சி, அவன் பங்காளிங்க காடும் போச்சி. அன்னைக்கே ஒம்போது வூட்டுக்காரங்களும் குந்தி பேசிட்டோம். மேலேருந்து குச்சி கீழ போலாம். கீழேருந்து ஒரு குச்சி மேல வரக்கூடாது. வந்தா, எத்தாந்தவங்களுக்கு அப்புறம் எதுவும் குடுக்கறது இல்ல."

எங்கள் ஆறு நாடுகள் நான்கு வருஷம் பேசிய தீர்மானம் இது. இவர்கள் ஒரே நாளில், காற்புள்ளிப் பிரச்சினை இல்லாமல் முடித்திருந்தார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. உற்சாகம் வந்தால் எனக்குக் காது கேட்காது. இப்போது கேட்ட வாக்கியத்தின் பொருள்கூட ஏறாது. "ரொம்ப சரியான ஏற்பாடுங்க" என்று பாராட்டிவிட்டு, "நாங்களும் வெறுங்கையா வரலை" என்று குடைக்குள் கைவிட்டுக் குச்சியை உருவினேன். "தாய்லாந்து!"

கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த நாலு பேரும் நிமிர்ந்தார்கள். வெள்ளையம்மாள் குச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தண்டபாணியைப் பார்த்தாள்.

"இவரு யாருண்ணே?"

"மச்சாங்க. வெளிநாட்டுல கீறாரு."

"அதான் கேட்டேன். இன்னா வேல பாக்கறாரு அங்க?"

தண்டபாணிக்கு என் வேலை முழுசாகத் தெரியாது. தெரிந்த அளவு சொன்னான்: "இந்த மாதிரி நாட்டுக்கு நாடு நோய் பரவாம இருக்கணும்னு பேசுவாங்கல்ல, அத்த எழுதறாரு."

அவள் சிரிக்கக்கூட இல்லை. குச்சியைக் கையால் தொடாமல், ஒரு சாக்கை விரித்து அதில் போடச் சொன்னாள். காட்டோரம் மூன்று கல்லை வைத்துக் கிழங்கு வேகவைத்திருந்தார்கள். சாக்கோடு சேர்த்து அந்த அடுப்பில் திணித்தாள். விமான நிலையத்தின் எக்ஸ்ரே பெட்டிக்குத் தப்பியது மூன்று கல் அடுப்பில் முடிந்தது.

"செல்விய எனக்கு புடிக்கும்ணே. ஆனா பேசினது பேசினதுதான். அஞ்சி மணி பஸ்ச வுட்டா வேற பஸ் இல்ல, போய்ட்டு வாங்க."

வெந்த கிழங்கு மட்டும் ஒரு இலையில் கட்டிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் தண்டபாணி கிழங்குப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். நாலாவது கொண்டை ஊசி வளைவில், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டான்: "மச்சான், உனுக்கு அறிவுன்னு ஒண்ணு கீதா?"

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அவன் உளுந்தூர்பேட்டை ஆளுக்குப் போன் போட்டுவிட்டான். செல்வி எனக்குத் தட்டு வைத்தாள். பக்கத்தில் நின்று பரிமாறவில்லை.

4

மறுநாள் காலையில் செல்வி வெள்ளையம்மாளைப் போனில் பிடித்தாள். அரை மணி நேரம் பேசினாள். அந்த மாதிரி ஒரு பேச்சுவார்த்தையை என் பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் நான் பார்த்ததில்லை. முதல் இருபது நிமிஷம் குச்சியைப் பற்றிப் பேச்சே இல்லை. வெள்ளையம்மாள் மகளின் பிரசவம், சந்தையில் சாமை விலை, யாருக்கோ முழங்கால் வலி. பிறகு, "எங்க அண்ணன் ஒரு லூசு. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும் சொல்லு" என்றாள். மறுபக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. அரசுகளுக்கிடையே நம்பிக்கையை வளர்ப்பது எப்படி என்று ஒரு கையேடு எங்கள் அலுவலகத்தில் உண்டு. இந்த வழி அதில் இல்லை.

நிபந்தனைகள் வந்தன. தண்டபாணி காட்டில் நிற்கிற பழைய மரவள்ளி ஒன்று விடாமல் பிடுங்கி எரிக்க வேண்டும். புதன்கிழமை சந்தைக்கு வரும்போது வெள்ளையம்மாள் வந்து பார்ப்பாள். ஒரு செடி நின்றாலும் பேச்சு முடிந்தது. பிடுங்குகிற ஆட்களில் குடைக்காரரும் இருக்க வேண்டும்.

இரண்டு ஏக்கரில் அப்போதும் நின்றுகொண்டிருந்தது சுருங்கிய இலையும் விரல் கிழங்கும்தான். ஆனாலும் தண்டபாணிக்கு மனசு வரவில்லை. பார்க்கிறவர்களுக்குத் தேமல், அவனுக்கு ஒரு வருஷ உழைப்பு. பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தான். செல்வி முந்தானையைச் சொருகிக்கொண்டு முதல் செடியைப் பிடுங்கினாள். இரண்டாவதை நான் பிடுங்கினேன். மண்ணோடு பின்னால் விழுந்தேன். அதைப் பார்த்துத்தான் அவன் எழுந்து வந்தான்.

"மெதுவா மச்சான். அது இன்னா கம்ப்யூட்டரா, தட்டினா வர்றதுக்கு? அடில புடி."

மூன்று நாள் பிடுங்கினோம். என் உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து மறுபடி வந்தது. செடிகளைக் குவித்து எரித்தபோது தண்டபாணி அந்தப் பக்கம் வரவில்லை.

புதன்கிழமை வெள்ளையம்மாள் சாமை மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நேரே காட்டுக்கு வந்தாள். வரிசை வரிசையாக நடந்தாள். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றாள். தானாக முளைத்த ஒரே ஒரு செடி அங்கே நின்றது. நாங்கள் மூன்று பேரும் பார்த்திராத செடி. தண்டபாணிக்கு முகம் கறுத்துவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். "குடைக்காரரே, இதுவும் தாய்லாந்தா?"

நான் பிடுங்கினேன்.

"போனா போவுது. அடுத்த பஸ்ல குச்சி வரும்" என்றாள். "அடுத்த வருசம் உங்ககிட்ட யாரு கேட்டாலும் குடுக்கணும்ணே. ஆனா அவங்க காட்ட எரிச்சிட்டாங்களான்னு நீங்க போய் பாத்துட்டுத்தான் குடுக்கணும். யாருக்காச்சும் காசுக்கு வித்தீங்கன்னு கேள்விப்பட்டேன், அவ்ளோதான்."

தண்டபாணி தலையாட்டினான். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

பஸ் கூரையில் கட்டுக் கட்டாகக் குச்சி வந்து இறங்கியது. முதல் தவணை அரை ஏக்கருக்குத்தான்; மீதி மலையில் பிடுங்கப் பிடுங்க வரும். சாண் நீளக் கரணைகளாக வெட்டி, மண்ணை மேடும் பள்ளமுமாகப் பார் பிடித்துத் தண்ணீர் விட்டு, நட ஆரம்பித்தார்கள். நானும் ஒரு வரிசை கேட்டு வாங்கினேன்.

"கணுவுல கண்ணு கீது பாரு, அது மேல பாக்கணும்" என்றான் தண்டபாணி.

"தெரியும் மாப்ள. இதப்பத்தி அறுபது பக்கம் எழுதியிருக்கேன்."

நட்டு முடித்து, வரிசையின் தலைமாட்டில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். தண்டபாணிதான் எடுத்தான். ரொம்பப் பொறுமையாக, இரண்டு மூன்று கோணத்தில் எடுத்தான். செல்வி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றாள்.

5

திரும்பி வந்ததும் கொப்புளத் தழும்பை நிலாவிடம் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "நெஜமாவே நீங்கதானா பிடுங்கினீங்க?" என்று தமிழில் கேட்டாள். அவள் தானாகத் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசி மாதக்கணக்காகியிருந்தது. அடுத்த நாள் அந்தக் கழியைப் பற்றியும் சிவப்புத் துணியைப் பற்றியும் கேட்டாள். வெள்ளையம்மாள் பேசுகிற மாதிரி பேசிக் காட்டச் சொன்னாள். பேசிக் காட்டினேன். யார் பேசினது என்று கேட்கவில்லை.

அலுவலகத்தில் அந்த மலை ஏற்பாட்டை ஒன்றரைப் பக்கத்தில் எழுதி மூன்று குழுக்களுக்கும் கொடுத்தேன். குடை விவகாரத்தை விட்டுவிட்டேன். குறிப்பு எழுதுவது என்பதே அதுதானே. கொடுப்பவர் கீழே போய் வயலைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், வாங்கியவர் அடுத்தவருக்கு அதே விதமாகக் கொடுக்க வேண்டும் என்ற இரண்டு விதிகளும் எல்லோருக்கும் பிடித்திருந்தன. வணிக அறையும் சுகாதார அறையும் ஒரே மத்தியானத்தில் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டியதை முதல் தடவையாகப் பார்த்தேன். கடைசியாக, திரையில் என் படத்தைப் போட்டேன். வரிசையும் நானும்.

எல்லோரும் திரையையே பார்த்தார்கள். நெகிழ்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். லாவோஸ்காரர் ஒருவர், சொந்தமாக மரவள்ளி போடுகிறவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். கரணைகளை உற்றுப் பார்த்தார். பிறகு, வருத்தத்தோடு தன் கையைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். ஆறு நாட்டுக்காரர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். மாற்றுக் கருத்து எதுவும் பதிவாகவில்லை.

அன்று மாலையே செல்விக்குப் போன் போட்டேன். தண்டபாணியின் அரை ஏக்கரில் என்னால் ஒரு வரிசை போயிற்று என்று நினைக்க எனக்கு நிஜமாகவே சங்கடமாக இருந்தது. செடி எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டேன். எல்லாம் துளிர்த்துவிட்டது, ஒரு மஞ்சள் இல்லை என்றாள். உன் வீட்டுக்காரர் எங்கே என்றேன். தண்ணீர் கட்டுகிறார் என்றாள். பாஸ்போர்ட்? கரண்ட் அட்டை வைக்கிற டப்பாவில் கிடக்கிறது என்றாள்.

"நான் நட்ட வரிசையுமா துளிர்த்துது?"

"ம், ஜோரா வந்துக்கினு கீது."

"இல்ல செல்வி, நான் அத்த தலகீழா நட்டுட்டேன். இங்க இப்பதான் சொன்னாங்க."

"எங்களுக்கு அப்பவே தெரியும்ணா" என்றாள். "ஆசையா போட்டா எடுத்துக்கினு இருந்த, இன்னாத்துக்கு சொல்லணும்னு வுட்டுட்டோம். நீ பஸ் ஏறினதும் உன் மாப்ள எல்லாத்தயும் புடுங்கி திருப்பி நட்டுட்டாரு."